எஸ்.ஏ.பி. முன் உட்காரும் எங்கள் பிள்ளைகள்: முதல் ஆறு மாதங்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலிருந்தும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்திலிருந்தும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலிருந்தும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கொழும்புக்கு வேலைக்கு வருகிறார்கள். வெள்ளவத்தை வாடகை கட்டாதவர்கள் தெஹிவளையில் அறை பார்க்கிறார்கள். மூன்று பேருக்கு ஓர் அனெக்ஸ், காலையில் 100ஆம் இலக்க பஸ் அல்லது கரையோர ரயில். ஜாவா, பைத்தன், ரியாக்ட் என்று படித்துவிட்டு வரும் இவர்களில் ஒரு பகுதியினர், பல்கலைக்கழகத்தில் பெயர்கூடக் கேட்டிராத ஒரு மென்பொருளின் முன் முதல் நாளே உட்கார வைக்கப்படுகிறார்கள். அது எஸ்.ஏ.பி.யாக இருக்கலாம், ஐ.எஃப்.எஸ்., ஒரக்கிள், சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகவும் இருக்கலாம்.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிவதற்குள் சிலர் "எனக்கு இது சரிவராது" என்று விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். சிலரை நிறுவனமே அனுப்பிவிடுகிறது. இரண்டு பக்கமும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பிள்ளைக்குத் திறமை போதாது. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருந்து, புதிதாக வருபவர்களுக்கு வேலை பழக்கியும் வரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு மாதக் குழப்பம் பிள்ளையிடமிருந்து வருவதல்ல. மென்பொருளின் தன்மையிலிருந்து வருவது. எல்லோருக்கும் வருவது. ஆனால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவர்களுக்கு அதைக் கடக்கும் வழிகள் குறைவு. அந்தப் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவிட்டு ஊரில் காத்திருக்கும் பெற்றோரும் விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரு நிறுவனம் பொருள் வாங்குகிறது, களஞ்சியத்தில் வைக்கிறது, விற்கிறது, சம்பளம் கொடுக்கிறது, வரி கட்டுகிறது, கணக்கு எழுதுகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து நடத்தும் பெரிய மென்பொருள்தான் ஈ.ஆர்.பி. என்று அழைக்கப்படுகிறது. கடைக்காரரின் கொள்வனவுக் கொப்பி, களஞ்சியக் கொப்பி, கடன் கொப்பி, பேரேடு எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டு, ஒன்றில் எழுதினால் மற்றவற்றிலும் தானாக எழுதப்படும் என்று எடுத்துக்கொள்ளலாம். இதை வாங்கும் நிறுவனம் அப்படியே பயன்படுத்துவதில்லை. தன் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றும். அந்த மாற்றத்தைச் செய்வதே எங்கள் வேலை. புதிய வீடு கட்டும் வேலை அல்ல இது. வேறொருவர் ஐம்பது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கும் மாளிகையில், ஆட்கள் குடியிருக்கும்போதே, ஓர் அறைக்குக் கதவு போடும் வேலை.

ஜேர்மன் மாமாவுக்கு விளங்கும் அட்டவணைகள்

எஸ்.ஏ.பி.யை எடுத்துக்கொள்வோம். 1972இல் ஐ.பி.எம். நிறுவனத்தை விட்டு வெளியேறிய ஐந்து பொறியியலாளர்கள் ஜேர்மனியில் தொடங்கியது. அவர்களின் முதல் வாடிக்கையாளர் ஒஸ்ட்ரிங்கன் என்ற ஊரிலிருந்த ஒரு நைலோன் நூல் தொழிற்சாலை. 1992இல் வந்த ஆர்.3 என்ற பதிப்பு உலகெங்கும் பரவியது. 2015இல் எஸ்.4 ஹானா வந்தது. இவ்வளவு மாற்றத்துக்குப் பிறகும் உள்ளே இருக்கும் அட்டவணைகளின் பெயர்கள் பழைய ஜேர்மன் சுருக்கங்கள்தான். வாடிக்கையாளர் அட்டவணை கே.என்.ஏ.1. 'குண்டே' என்றால் ஜேர்மனில் வாடிக்கையாளர். வழங்குநர் அட்டவணை எல்.எஃப்.ஏ.1. அது 'லீஃபெராண்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. கணக்குப் பதிவின் தலைப்பகுதி பி.கே.பி.எஃப்., அதாவது 'பெலெக் கொப்ஃப்'. நிறுவனக் குறியீட்டுக்கு புக்ர்ஸ். ஏறக்குறைய எல்லா வணிக அட்டவணைகளிலும் முதல் நிரலாக நிற்கும் மாண்ட் என்பது 'மண்டாண்ட்'.

ஆங்கிலத்திலேயே தடுமாறி வந்த பிள்ளைக்கு இது எப்படி இருக்கும்! எங்கள் குடும்பங்களில் பலவற்றுக்கு எசனிலோ ஸ்ருட்காட்டிலோ ஒரு மாமா இருக்கிறார். மென்பொருள் பற்றி ஒன்றும் தெரியாத அந்த மாமாவால் இந்தப் பெயர்களில் பாதியை வாசித்தவுடன் விளக்க முடியும். சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தப் பெயர்கள் ஒரு மொழியின் சுருக்கம் என்று தெரிந்த நாளிலிருந்து அவை மனப்பாடச் சுமையாக இருப்பதில்லை. அர்த்தமில்லாத எழுத்துக்கள் என்று எண்ணிக் கட்டிப்பிடித்துப் படிப்பவருக்கு மாதங்கள் வீணாகின்றன.

அடுத்த அதிர்ச்சி மொழி. எஸ்.ஏ.பி.க்கென்றே உருவான நிரல்மொழி அபாப். ஜாவா தெரிந்தவருக்கு அதன் இலக்கணம் இரண்டு மூன்று வாரத்தில் பிடிபடும். இலக்கணம் அல்ல தடை. நீங்கள் எழுதும் எந்த நிரலின் பெயரும் இசட் அல்லது வை என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். மற்ற எழுத்துக்கள் எஸ்.ஏ.பி.க்குச் சொந்தம். எழுதியதை நேரடியாக உண்மையான அமைப்பில் போட முடியாது. உருவாக்கும் அமைப்பு, பரிசோதிக்கும் அமைப்பு, வேலை நடக்கும் அமைப்பு என்று குறைந்தது மூன்று இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரல் 'ட்ரான்ஸ்போர்ட்' என்ற பொதியாகப் போகும், அதற்கு அனுமதி வேண்டும். எஸ்.ஏ.பி.யின் சொந்த நிரலை மாற்றக் கூடாது. அவர்கள் விட்டுவைத்திருக்கும் வாசல்களில் மட்டும் உங்கள் நிரலைச் செருகலாம். எந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதே ஆரம்பத்தில் பாதி நாள் வேலை. இரண்டு வரி எழுத மூன்று நாள் எடுத்தது என்று ஒரு பிள்ளை வெட்கப்பட்டால், அது வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. அந்த இரண்டு வரியை எங்கே எழுதுவது என்று தேடிய மூன்று நாள் அது.

மற்றத் தளங்களிலும் கதை இதுதான், விவரங்கள்தான் வேறு. சேல்ஸ்ஃபோர்ஸில் ஏபெக்ஸ் என்ற மொழி. பார்வைக்கு ஜாவாவின் தம்பி. ஆனால் ஒரு சாதாரணப் பரிவர்த்தனைக்குள் தரவுத்தளத்தை 100 தடவைக்கு மேல் வினவினால் நிரல் அந்த இடத்திலேயே நிறுத்தப்படும். வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீர்த் தாங்கி இருப்பதுபோல, அங்கே ஒரே சேவரைப் பல நிறுவனங்கள் பகிர்கின்றன. ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுப் போக முடியாது. அதோடு, எழுதிய நிரலில் 75 வீதத்தையாவது பரிசோதனை நிரல்கள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையான அமைப்புக்குள் விடாது. பல்கலைக்கழகத்தில் பரிசோதனை நிரல் எழுதுவதைப் புள்ளிக்காக மட்டும் செய்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

கொழும்பைப் பொறுத்தவரை ஐ.எஃப்.எஸ். தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1983இல் சுவீடனின் லிங்ஷோப்பிங் நகரில் ஐந்து பல்கலைக்கழக நண்பர்கள் தொடங்கியது. முதல் வாடிக்கையாளரின் வளாகத்துக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கி வேலை செய்தார்கள் என்பது அவர்களுடைய நிறுவனக் கதை. (கூடாரம் என்றால் எங்களுக்கு வேறு ஞாபகங்கள் வரும். அதை விடுவோம்.) அதன் பெரிய மென்பொருள் உருவாக்க மையங்களில் ஒன்று கொழும்பில் இருக்கிறது. உள்ளே ஒரக்கிள் தரவுத்தளமும் பி.எல். எஸ்.கியூ.எல். மொழியும், 2021இல் வந்த ஐ.எஃப்.எஸ். கிளவுட் பதிப்பில் திரைகளை அமைக்க மார்பிள் என்ற அவர்களுடைய சொந்த மொழி. பொதுவான இணையத் தேடலில் மார்பிள் என்று போட்டால் வீட்டுக்கு நிலம் போடும் கல்தான் வரும்! நிறுவனத்துக்குள் இருக்கும் ஆவணங்களும், பக்கத்து மேசைக்காரரும்தான் ஆசிரியர்கள்.

யாரிடம் கேட்பது

இந்தப் பக்கத்து மேசைக்காரர் விஷயத்தில்தான் எங்கள் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சாதாரண நிரல்மொழியில் ஒரு பிழை வந்தால் அந்தப் பிழைச் செய்தியை இணையத்தில் போட்டால் விடை கிடைக்கும். நிறுவன மென்பொருளில் பாதிப் பிழைகள் அந்த நிறுவனத்துக்கே உரியவை. பத்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காகச் செய்து வைத்த அமைப்பு, அந்தக் காரணம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. அது ஆட்களின் தலைக்குள் இருக்கிறது. கொழும்பு அலுவலகங்களில் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் "இதை ஏன் இப்படிச் செய்தோம் தெரியுமா?" என்ற உண்மையான விளக்கம் தேநீர் குடிக்கும் இடத்தில் சிங்களத்தில்தான் நடக்கும். யாரும் மறைப்பதற்காக அப்படிச் செய்வதில்லை; இயல்பாக வரும் மொழியில் பேசுகிறார்கள். தமிழ்ப் பிள்ளை தேநீரை எடுத்துக்கொண்டு தன் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் அது இழப்பது எவ்வளவு என்று அதற்கும் தெரியாது, மேலதிகாரிக்கும் தெரியாது. மதிப்பீட்டுப் படிவத்தில் "அமைதியானவர், முன்வந்து கேட்பதில்லை" என்று விழுகிறது.

2009இல் ஏழு வயதில் முள்ளிவாய்க்காலிலிருந்து மெனிக்பாம் முகாமுக்கு வந்த பிள்ளை இன்று இருபதுகளின் நடுவில் இருக்கிறது. முதல் வேலைக்குப் போகும் வயது. கேள்வி கேட்பது ஆபத்து என்று பழகிய வீடுகளில், சீருடைக்காரரிடம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் தவிர வேறெதுவும் சொல்லாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் இவர்கள். அலுவலகத்தில் வாய்திறக்காமல் இருப்பதை நான் சோம்பல் என்றோ திறமையின்மை என்றோ எடுத்துக்கொள்வதில்லை.

வழி இருக்கிறது. வாயால் கேட்கக் கூச்சமாக இருந்தால் எழுத்தில் கேட்கலாம். நான் பழக்குபவர்களுக்குச் சொல்வது: கேள்வியை ஆங்கிலத்தில் நாலு வரியில் எழுதுங்கள். என்ன செய்ய முயன்றேன், எந்தத் திரையில், என்ன வந்தது, இதுவரை எதைப் பார்த்தேன். இலக்கணம் பிழைத்தால் பரவாயில்லை. இப்படி எழுதி அனுப்பிய கேள்விக்கு மூத்தவர்கள் பெரும்பாலும் பதில் தருவார்கள். எழுத்தில் இருப்பதால் மூன்று மாதம் கழித்தும் திரும்பப் பார்க்கலாம். அதோடு ஒரு கொப்பி. அட்டவணைப் பெயர், அது எதன் சுருக்கம், எந்தத் திரையிலிருந்து அதற்குள் தரவு போகிறது என்று தமிழிலேயே எழுதி வைக்கலாம். சிங்களத்தில் தேநீர்ப் பேச்சுக்குப் போதுமான அளவு பழகிக்கொள்வதும் தொழிலின் ஒரு பகுதிதான். அதை அரசியலாக்கி ஒதுக்கி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

எங்களுக்குத் தெரிந்த கணக்கு

நிறுவன மென்பொருளில் நீண்டகாலம் நிற்பவர் நன்றாக நிரல் எழுதுபவர் என்பதைவிட, வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் என்பதே சரி. ஓர் உதாரணம். இலங்கையின் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12, அதே வருடம் செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி 1 முதல் 18. இரண்டு வருடத்துக்குள் மூன்று தடவை. புதிதாக வந்த ஒருவரிடம் இதைக் கொடுத்தால், 15 என்று இருக்கும் இடத்தில் 18 என்று மாற்றிவிடலாம் என்பார். நிரலாளருக்கு அது ஓர் எண். ஆனால் 2023 டிசம்பரில் விற்ற பொருள் 2024 ஜனவரியில் திரும்பி வந்தால் என்ன வீதத்தில் வரியைத் திருப்புவது? 15இல்தான். ஆகவே பழைய வரிக் குறியீட்டை அப்படியே விட்டுவிட்டு, புதிய வீதத்துக்குப் புதிய குறியீடு உருவாக்கி, எந்தத் திகதியிலிருந்து எது என்று சொல்ல வேண்டும்.

அதேபோல, கணக்கில் பதிந்த ஒன்றை அழிக்க முடியாது என்பது. தரவுத்தளத்தில் ஒரு வரியை அழிக்கப் பழகிய பிள்ளைக்கு இது விசித்திரமாக இருக்கும். பிழையான பதிவுக்கு எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். பிழையும் நிற்கும், திருத்தமும் நிற்கும். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய எந்த முகாமையாளருக்கும் இது தெரியும். சுன்னாகத்திலோ செட்டிகுளத்திலோ தகப்பனின் கடையில் பேரேடு பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் தெரியும். உயர்தரத்தில் வர்த்தகம் படித்துவிட்டுப் பிறகு கணினிப் பக்கம் வந்தவர்களை நான் நேர்முகத்தில் விரும்பி எடுப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களே தங்கள் விண்ணப்பத்தில் அதை ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறார்கள்.

சம்பளப் பகுதியில் வேலை கிடைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில் தருநரிடமிருந்து 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு தொழில் தருநரின் 3 வீதம் என்பது மனதில் இருக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தைச் சரிபார்க்கும் நிரல் எழுதச் சொல்வார்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். இரண்டும் புழக்கத்தில் உண்டு. பிறந்த வருடத்தையடுத்து வரும் மூன்று இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். அந்த நாள் கணக்கில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். இது தெரியாமல் எழுதிய நிரல் சாதாரண வருடங்களில் மார்ச் மாதத்திலும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோரையும் ஒரு நாள் தள்ளிவிடும்.

பெயர் விஷயத்தில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்ல. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு தொடர்பாளரைப் பதியக் குடும்பப் பெயர் கட்டாயம். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உள்ள தமிழருக்கு எதைக் குடும்பப் பெயர் என்று போடுவது? ஒரு பதிவாளர் தகப்பன் பெயரைப் போடுவார், இன்னொருவர் பிள்ளையின் பெயரைப் போடுவார். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். இடம்பெயர்ந்தபோது ஆவணங்களைத் தொலைத்துவிட்டுப் பின்னர் ஒவ்வொன்றாக எடுத்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறு, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. பெயர் பொருந்தவில்லை என்று கொடுப்பனவு திரும்பிப் போன அனுபவம் எங்கள் வீடுகளில் புதிதல்ல. ஒரு தமிழ்ப் பிள்ளை இந்தச் சிக்கலை வடிவமைப்புக் கூட்டத்தில் சொன்னால் அது முறைப்பாடு அல்ல, தொழில் அறிவு. பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள், இலக்கத்தை வைத்துத் தேடுங்கள். பெயருக்கு ஒரே புலமாக வையுங்கள் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த மேசையில் வேறு யாரும் இல்லாமல் இருக்கலாம்.

காசு கொடுக்கும் முன்

எஸ்.ஏ.பி. பயிற்சி, வேலை உத்தரவாதம் என்று விளம்பரங்கள் வருகின்றன. நகை அடகு வைத்துக் காசு கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். சில இடங்களில் எங்கோ வாடகைக்கு எடுத்த சேவரில் முப்பது பேருக்கு ஒரு கணக்கு கொடுத்து, பழைய பாடக்குறிப்பை வாசிக்கிறார்கள். அதைவிடக் கெட்டது, இரண்டு வருட அனுபவம் என்று பொய்க் கடிதம் தயாரித்துக் கொடுப்பது. நேர்முகத்தில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சிறிய தொழில்துறை என்பதால் அந்தப் பெயர் அடுத்த நிறுவனத்துக்கும் போய்விடும்.

எஸ்.ஏ.பி.யின் சொந்தக் கற்றல் தளத்தில் பாடங்கள் இலவசம். அபாப் எழுதிப் பழகுவதற்கான பரீட்சார்த்தப் பதிப்பையும் அவர்களே இலவசமாக வைத்திருக்கிறார்கள். கணினியில் இறக்கி ஓட்டும் வகைக்கு 16 ஜி.பி. நினைவகமாவது வேண்டும், அதற்கு வசதியில்லாதவர்கள் கிளவுட்டில் உள்ள பரீட்சார்த்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் உருவாக்குநர்களுக்கு இலவசக் கணக்குத் தருகிறது; ட்ரெயில்ஹெட் என்ற பாடத்தளமும் இலவசம். ஈ.ஆர்.பி. என்றால் என்ன என்று உள்ளே பார்த்து விளங்கிக்கொள்ள, திறந்த மூலமாகக் கிடைக்கும் ஓடூவின் சமூகப் பதிப்போ மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்டோ போதும். கொழும்பில் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2வின் மென்பொருட்களும் திறந்த மூலம். பல அமைப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைப் படிக்க அவை நல்ல இடம். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போனால் இந்தத் துறையில் இருப்பவர்களை நேரில் பிடிக்கலாம்.

பழைய எஸ்.ஏ.பி. படிப்பதா, புதியதா என்று கேட்பார்கள். பழைய ஈ.சி.சி. பதிப்புக்கான வழமையான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது; மேலதிகக் கட்டணம் கட்டுபவர்களுக்கு 2030 வரை. அதனால் இப்போது உலகெங்கும் நடப்பது பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை. மாற்றுபவருக்கு இரண்டும் தெரிய வேண்டும். புதியதில் தொடங்கி, பழையதை வாசிக்கும் அளவுக்குப் பழகிக்கொள்வது என் கருத்தில் சரியான வரிசை.

இறுதியாக, வேலை ஒப்பந்தம். சில நிறுவனங்கள் பயிற்சி தருகிறோம், ஆகவே இரண்டு வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று ஒரு சரத்து வைக்கின்றன. பிணைக்குக் கையொப்பம் வைக்க ஊரிலிருந்து தகப்பனைக் கூப்பிடுவதும் உண்டு. கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: அந்தத் தொகை மாதம் செல்லச் செல்லக் குறைகிறதா, தகுதிகாண் காலத்தில் நிறுவனமே அனுப்பினாலும் கட்ட வேண்டுமா, பயிற்சி என்பது எத்தனை நாள், யார் தருவது. பதிலை வாயால் வாங்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். ஒப்பந்தத்தை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தராத இடமாக இருந்தால், கையெழுத்து வைப்பதை இன்னொரு தடவை யோசிக்கலாம்.